ஆட்டுக்கல் தண்ணீர்

பூனைக்கும் பாலுக்கும் நம்மவர்கள் போட்டு வைத்த முடிச்சு லேசில் அவிழாது. கம்பர் அவையடக்கம் சொல்லும்போது, பாற்கடல் முழுவதையும் நக்கியே தீர்த்துவிடலாம் என்று போய் நின்ற பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். தெனாலிராமன் வளர்த்த பூனையோ பாலைக் கண்டாலே ஓட்டமெடுக்கிறது. கொதிக்கக் கொதிக்க வைத்து அதன் வாயைச் சுட்டுவிட்டான் அந்தக் கெட்டிக்காரன். பூனை பாலை விடாது என்பது ஊரறிந்த சங்கதி என்பதால்தான் ஒன்றில் அடக்கமும் மற்றொன்றில் சிரிப்பும் எடுபடுகின்றன. பூனை தண்ணீர் குடித்ததாக ஒரு கதைகூட என் காதில் விழுந்ததில்லை. எங்கள் வீட்டுச் சொக்கியிடம் நான் பார்த்ததோ முழுக்க முழுக்கத் தண்ணீர்க் கதைதான்.

சொக்கி வந்தது 2008 நவம்பரில், நிஷா புயல் கொட்டிய வாரத்தில். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில், கால் வைக்கும் இடத்தில், உள்ளங்கையளவு குட்டி ஒன்று நனைந்து சுருண்டு கிடந்தது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி. தாயை எங்கும் காணோம். அம்மா பழைய துண்டால் துவட்டி, அடுப்பங்கரை ஓரம் உட்கார வைத்து, பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு ஒரு டப்பா மூடியில் வைத்தாள். குடித்தது. மறுநாள் முழுக்க வயிற்றுப்போக்கு. “இதுக்குப் பால் ஒத்துக்கலைடா” என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீன்காரம்மாவிடம் காரப்பொடி வாங்கி அவித்து, முள்ளைத் தேடித் தேடி எடுத்து, குழைந்த சோற்றோடு பிசைந்து வைத்தாள். பூனைக்குப் பால் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் தொடங்கிய அன்றே முடிந்துபோயிற்று.

அம்மாவின் தீர்ப்பு சரிதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்கு, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்துவிடும். அதைவிட வேடிக்கை, பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரத் தேவையான மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்து ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும்கூட இதே கதிதான். அடுப்படிப் பாலைத் திருடிக் குடிக்கும் பூனை அதன் இனிப்புக்காக வருவதில்லை.

கொல்லையில் கிணற்றை ஒட்டி ஒரு ஆட்டுக்கல் கிடந்தது. அம்மாவுக்குச் சீராக வந்து, மாயவரத்திலிருந்து லாரி ஏறி மடிப்பாக்கம் வந்து சேர்ந்தது. கிரைண்டர் வாங்கிய பிறகு குழவியைப் புரட்டி மதில் ஓரம் போட்டாயிற்று. கல்லை நகர்த்த ஆள் கிடைக்காததால் அது அங்கேயே தங்கிவிட்டது. மழை பெய்தால் குழி தளும்பும். மழையில்லாத நாளில் அம்மா துணி அலசி முடித்த கையோடு கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி எடுத்து, குழியைத் தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை ஊற்றி வைப்பாள். காக்கைக்கும் அணிலுக்கும் என்று ஆரம்பித்த வேலை. சொக்கி வளர்ந்த பிறகு அதுதான் அதன் தண்ணீர்ப் பாத்திரம்.

பாத்திரம் இல்லாமல் இல்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். சொக்கி சோற்றைத் தின்றுவிட்டு, கிண்ணத்தைப் பார்க்காதது போலவே தாண்டி, பின்கட்டு வாசற்படியில் இறங்கி, ஆட்டுக்கல்லுக்குப் போகும். “நாமகூட சாப்பிட்ட தட்டுல கை கழுவிட்டு அந்தத் தண்ணியக் குடிப்போமா?” என்றாள் அம்மா. காட்டுப்பூனைகள் இரை கிடக்கும் இடத்தில் நீர் அருந்தாது, அந்தப் பழக்கத்தின் மிச்சம் இது என்றொரு விளக்கமும் சொல்கிறார்கள். எனக்கு அம்மாவின் விளக்கமே போதுமானதாக இருந்தது.

அந்தக் கிண்ணத்திடம் வேறொரு தகராறும் இருந்தது. எப்போதாவது அதில் குடிக்க நேர்ந்தால், சொக்கி முதலில் முன்னங்காலை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும். ஒருமுறை தொட்டு, காலை உதறி, விரலிடுக்கை நக்கி, பிறகுதான் வாய் வைக்கும். பூனையின் கண்ணைப் பற்றித் தெரிந்தால் இது விளங்கும். தூரத்து அசைவை அள்ளிக்கொள்ளும் அந்தக் கண்ணுக்கு மூக்கின் கீழே இருப்பது சரியாகப் புலப்படாது. ஒரு அடிக்கும் குறைவான தொலைவில் உள்ளதைக் குவித்துப் பார்க்க அதனால் முடியாது. பளபளக்கும் எவர்சில்வரில் அசையாமல் நிற்கும் தண்ணீரின் மட்டம் எங்கே என்று தெரியாமல்தான் காலால் தேடுகிறது. கருங்கல்லில் விளிம்பு தட்டி நிற்கும் தண்ணீரில் அந்தச் சிக்கல் இல்லை. காற்று அடித்தால் மேலே சிற்றலை ஓடும். ஒரு வேப்பம்பூ மிதக்கும். மட்டம் இங்கே என்று தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு வம்பு பண்ணும் சொக்கி குடித்தது என்னவோ மிகக் கொஞ்சம். காலையில் சில நொடிகள், அந்தியில் சில நொடிகள். சித்திரை வெயிலில் தெருநாய்கள் சாக்கடைப் பாலத்தின் அடியில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும் நேரத்திலும் அது நிழலில் சாய்ந்துகொண்டு தூங்கும். வீட்டுப்பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்காவும் மேற்காசியாவும் சேர்ந்த வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். தண்ணீரைத் தேடிப் போகாமல், பிடித்துத் தின்னும் இரையிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு பிழைத்தவை. ஒரு எலியின் உடம்பில் ஏறக்குறைய எழுபது சதம் தண்ணீர்தான். மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசில், பெரிய யானையின் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். கங்கையே பக்கத்தில் இறங்கி வந்தாலும் பூனையைச் சுற்றி நிற்பவை எலிகள். பல்லவச் சிற்பிக்குப் பூனையின் தாகம் எதில் தீரும் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். போலித் தவசியைக் கிண்டல் செய்யத்தான் செதுக்கினான் என்று அறிஞர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

எங்கள் சொக்கிக்கு எலி அபூர்வம். அம்மாவின் மீன் சோறு அந்த வேலையைச் செய்தது. அவித்த மீன், குழைந்த சோறு, மேலே மீன் வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. தட்டிலேயே பாதித் தாகம் தீர்ந்துவிடும். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது தோழி வீட்டைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டில் வரும் உலர் தீனியை வாங்க வைத்தாள். அதில் நீர்ச்சத்து பத்து சதத்தை ஒட்டித்தான் இருக்கும். சொக்கி அதைக் கறுக் கறுக்கென்று கடித்துத் தின்றது. ஆட்டுக்கல்லுக்குப் போகும் நடையும் கூடியது. ஆனால் உலர் தீனி தின்னும் பூனை எவ்வளவு குடித்தாலும், ஈரத் தீனி தின்னும் பூனையின் உடம்பில் சேரும் மொத்த நீரை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. “பொரிகடலை மாதிரி இருக்கு, இதை எப்படி வெறும் வாயில திங்கும்” என்று அந்த உருண்டைகளை மீன் தண்ணீரில் ஊறப்போட்டாள். சொக்கியும் சமாதானமாகத் தின்றது.

மகள் கையில் அசைவை மெதுவாக்கிப் படமெடுக்கும் செல்போன் வந்த ஆண்டு, சொக்கி குடிப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒருநாள் காலையில் நாங்கள் இருவரும் ஆட்டுக்கல் முன்னால் குந்தி உட்கார்ந்தோம். வெறுங்கண்ணுக்குத் தெரிவது ஒரு நடுக்கம் மட்டும். திரையில் பார்த்தபோதுதான் மகள் “அப்பா, இது தண்ணிய அள்ளவே இல்லை” என்று கத்தினாள். உண்மைதான். சொக்கி நாக்கின் நுனியைப் பின்புறமாக மடித்துக் கீழே இறக்கியது. மடிந்த நுனியின் வழவழப்பான மேற்புறம் நீரின் மேல்தோலைத் தொட்டது, அவ்வளவுதான், உள்ளே நுழையவே இல்லை. தொட்ட மாத்திரத்தில் நாக்கு மேலே போயிற்று. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய தண்ணீர்த் தூண் எழுந்தது. தூண் உடைந்து விழப்போகும் அந்தக் கணத்தில் வாய் மூடிக்கொண்டது. மேல்பகுதி உள்ளே, மிச்சம் திரும்பக் கல்லில். மறுபடி நாக்கு வெளியே.

இதை எங்களுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ரோமன் ஸ்டாக்கர், காலை உணவு வேளையில் ‘கட்டா கட்டா’ என்ற தம் பூனை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி எழுந்ததாம். பெட்ரோ ரெய்ஸ், சுங்வான் ஜங், ஜெஃப்ரி அரிஸ்டாஃப் ஆகியோரும் சேர்ந்துகொள்ள, 2010-ல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. நாக்கு மேலே இழுக்கும் வேகத்தால் தண்ணீர் ஏறுகிறது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் நொடியைப் பிடித்து வாயை மூடுகிறது பூனை. நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை. ஒவ்வொரு முறையும் வாய்க்குள் போவது ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூட. உடம்பு பெரிதானால் நாக்கின் தாளம் மெதுவாகும். சிங்கமும் புலியும் இதே வித்தையை நிதானமாகச் செய்கின்றன. எம்.ஐ.டி.யிலேயே ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்பவர் 1940-லேயே பூனை பால் குடிப்பதை அதிவேகப் படமாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அது இடம்பெற்ற குறும்படத்துக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

ஒரு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளே போக ஐம்பது நக்கல், பன்னிரண்டு நொடி என்று மகள் கணக்குப் போட்டாள். நாய் குடித்த இடம் குளமாகிக் கிடக்கும், சொக்கி குடித்த கல்லின் விளிம்பில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. மீசையும் தாடையும் நனையாது. தண்ணீரிடம் அவ்வளவு மரியாதையான தூரம். இந்தக் கணக்கு எங்களோடு தங்கிவிட்டது. சொக்கி குடிக்க உட்கார்ந்தால் எங்களில் யாராவது மனதுக்குள் நொடிகளை எண்ணுவோம். விளையாட்டாக வந்த பழக்கம் 2019 கோடையில் வேலைக்கு வந்தது.

அந்தக் கோடையைச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஜூனில் வெடித்துக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. டிவியில் அதைச் சாமி ஊர்வலம் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தோம். எங்கள் பக்கம் கிணறு காய்ந்து, போர் காய்ந்து, லாரிக்குப் பதிந்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குளிக்க ஒரு வாளி. பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்கு. குடிக்கச் சமைக்கக் கேன். வீட்டில் எந்தச் சொம்பில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா அப்போதும் ஆட்டுக்கல் குழியைக் காயவிடவில்லை. “வாயில்லா ஜீவனுக்குத் தெருக்குழாயில போய் வரிசைல நிக்கத் தெரியுமா” என்று, கேன் தண்ணீரிலேயே ஊற்றினாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டாள்.

குழி சீக்கிரம் சீக்கிரம் காலியாயிற்று. வெயில், காக்கை, அணில் என்று எதன்மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம். ஆனால் சொக்கி குடிக்க உட்கார்ந்தால் எண்ணுகிற எங்களுக்கு எண்ணிக்கை முடியவே இல்லை. இரவில் எழுந்து குளியலறைக் கதவைப் பிறாண்டியது. உள்ளே விட்டால் வாளி விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு தலை தெரியாமல் குடித்தது. மாடிப்படிக்கு அடியில் அதற்கென்று மணல் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டு காலையில் சகதியாகக் கிடந்தது. வீடு பெருக்க வரும் அக்கா, “மண்ணு அள்ளி அள்ளி மாளலைம்மா, தண்ணியக் கொஞ்சம் குறைங்க” என்றார். பக்கத்து வீட்டுச் சார் வேறு கட்சி. “நம்மள மூணு லிட்டர் குடி, மூணு லிட்டர் குடின்னு டாக்டர் கத்துறாரு. இது தானாக் குடிக்குது. உடம்புக்கு நல்லதுதானே?”

அம்மா இரண்டு பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. “எனக்கு ஆரம்பத்துல இப்படித்தான் ராத்திரில எழுந்து எழுந்து சொம்பைக் காலி பண்ணினேன். இது வெயில் தாகம் இல்லடா. கூட்டிட்டுப் போ.”

போவதற்கு முன் மகள் அளந்துவிட வேண்டும் என்றாள். பிளஸ் டூவில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள், வீடும் ஆய்வகமும் அவளுக்கு ஒன்று. ஒரே அளவில் இரண்டு மண்சட்டி. இரண்டிலும் கோடு போட்ட குவளையால் அளந்த தண்ணீர். ஒன்று சொக்கிக்கு, இன்னொன்றின் மேல் சல்லடை கவிழ்த்து அதே மூலையில். காற்றில் எவ்வளவு போகிறது என்று சல்லடைச் சட்டி சொல்லும், அதைக் கழித்துக்கொள்ளலாம். குளியலறையைப் பூட்டி, வாளிகளையெல்லாம் மூடி, ஒரு பகலும் ஒரு இரவும் சொக்கியை வெளியே விடவில்லை. கழித்தது போகக் குடித்தது 350 மில்லி. என்னோடு சேர்த்துத் தராசில் ஏற்றி, என் எடையைக் கழித்துப் பார்த்ததில் சொக்கி மூன்றரைக் கிலோ. பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய மொத்த நீரே கிலோவுக்கு 50 மில்லியை ஒட்டித்தான், அதுவும் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. சொக்கி, மீன் சோற்றுக்கு மேல், சட்டியில் மட்டும் கிலோவுக்கு 100 மில்லி குடித்திருந்தது.

விடிந்ததும் வயர் கூடையில் சொக்கியை வைத்து மேலே துண்டைக் கட்டி ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி, பின்னால் காதில் கட்டுப் போட்ட லேப்ரடார். எங்கள் முறை வந்தபோது பார்த்த இளம் டாக்டரம்மா, மகள் எழுதி வைத்திருந்த கணக்குத் தாளை இரண்டு முறை படித்தார். சொக்கியின் பிடரித் தோலைச் சிட்டிகை பிடித்துத் தூக்கி விட்டார். அது சட்டென்று படியவில்லை, மெதுவாக இறங்கியது. ஈறைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கையாலும் வயிற்றைத் தடவி, “இடது சிறுநீரகம் சின்னதாயிருக்கு” என்றார்.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரும் எடுத்தார்கள். ஒரு சாண்கூட இல்லாத குழாய்க் கருவி ஒன்றின் நுனிக் கண்ணாடியில் ஒரே ஒரு சொட்டுச் சிறுநீரை விட்டு, மூடியைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண் வைத்துப் பார்த்த டாக்டரம்மா, அதை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வட்டத்துக்குள் மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேரும் கோடு 1.012-ல் நின்றது. வெறும் தண்ணீர் என்றால் 1.000. நல்ல பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேல் கெட்டியாக இருக்க வேண்டும். பாலைவனத்து முன்னோர் விட்டுப்போன சொத்தே அதுதான், ஒரு சொட்டையும் வீணாக்காமல் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சும் சிறுநீரகம். சொக்கியிடம் அது கரைந்துகொண்டிருந்தது.

“குடிக்கறதால நிறையப் போகலை சார். நிறையப் போறதால குடிக்குது” என்றார் டாக்டரம்மா. சர்க்கரை சரியாக இருந்தது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. தாகம் கூடினால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பார்களாம். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சர்வ சாதாரணம், ஆனால் பாதிக்கு மேல், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்ற பிறகுதான் இப்படித் தாகமாக வெளியே தெரியும். அதற்கு முன்னால் பூனை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. குணமாக்க முடியாது, தள்ளிப்போடலாம். கடைசியாக அம்மாவைப் பார்த்து, “மண்ணு ஈரமாகுதுன்னு யார் சொன்னாலும் தண்ணிய மட்டும் குறைக்காதீங்கம்மா” என்றார். வீட்டில் நடந்ததைச் சொன்னது யார் என்று அம்மா என்னை முறைத்தாள். நான் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும்போலிருக்கிறது.

அன்றிலிருந்து சாப்பாடு மாறியது. பாஸ்பரஸ் குறைந்த தனித் தீனி, அதுவும் ஈரத் தீனி. மீன் சோறு பண்டிகைக்கு மட்டும் என்று ஆனதில் சொக்கிக்கும் அம்மாவுக்கும் வருத்தம். அது போக ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே ஏற்ற அனுமதித்தார்கள். பாட்டிலை அம்மா வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருவாள். ஜன்னல் கம்பியில் மாட்டி, குழாயில் காற்றுக் குமிழி போகும்வரை வடித்து, அம்மா மடியில் துண்டுக்குள் இருக்கும் சொக்கியின் தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைக்க வேண்டும். கிழட்டுத் தோலில் அது நுழையும்போது ஒரு சின்ன நெருடல் விரலுக்குத் தெரியும். மேல்தோலைக் குத்திக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டால் மயிர் நனையும், திரும்பக் குத்த வேண்டும். சரியாகப் போனால் தோளில் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு மேடு எழும். ஊசியை எடுத்து, குத்திய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால், சொக்கி உதறிக்கொண்டு இறங்கிப் போகும். மேடு நடக்க நடக்க ஒரு பக்கமாகச் சரிந்து, முன்னங்கால் வீங்கினாற்போல் ஆகி, மாலைக்குள் உடம்பில் இறங்கிவிடும்.

ஏற்றிய நாளில் குறைவாகக் குடிக்கும். ஏற்றாத நாளில் சட்டிக்கு அடிக்கடி போகும். நாங்கள் மணலின் ஈரத்தையும் சட்டியின் மட்டத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அடுத்தபடியாக அந்த நோட்டைத்தான் கேட்பார். இதற்கிடையில் மகள், ஓடும் தண்ணீர் பூனைக்குப் பிடிக்கும் என்று, மின்சாரத்தில் ஊற்றெடுக்கும் பாத்திரம் ஒன்றை வரவழைத்தாள். சொக்கி அதன் இரைச்சலைக் கேட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பக்கத்தில் இருந்த மண்சட்டியில் குடித்தது. ஊற்றுப் பாத்திரத்தை எல்லாப் பூனைகளும் விரும்புவதாக விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை அப்படி ஒரே மாதிரி இல்லை, பூனைக்குப் பூனை மாறுகிறது. வாங்கும் முன் குழாயைச் சொட்டவிட்டுப் பார்த்தால் காசு மிச்சம்.

வட கிழக்குப் பருவமழை வந்து கிணறு ஊறியது. சொக்கி அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தது. பசியும் எடையும் போன பிறகு, 2021 கோடையில், அதே மருத்துவமனைக்குக் கடைசியாகக் கூட்டிப்போனோம். பன்னிரண்டரை வயது. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இது நல்ல கணக்கு என்றார் டாக்டரம்மா, கண்டுபிடித்தது காலத்தில் என்பதால். காலத்தில் கண்டுபிடித்தது அம்மாவின் சர்க்கரை வியாதியும் தண்ணீர்ப் பஞ்சமும்தான். தண்ணீர் தாராளமாக ஓடிய வருஷமாக இருந்திருந்தால் ஒரு பூனை கூடுதலாகக் குடிக்கும் கால் லிட்டரை யார் கவனித்திருப்பார்கள்?

பூனை வளர்ப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, அகலமான மண் அல்லது கல் பாத்திரத்தில் விளிம்பு வரை வையுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள். மாதத்தில் ஒருநாளாவது அளந்து ஊற்றி, மிச்சத்தை அளந்து பார்த்துக் குறித்து வையுங்கள். உங்கள் பூனையின் சராசரி உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அது கூடியது தெரியும். ஏழெட்டு வயது தாண்டியதற்கு வருஷம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பாருங்கள். தாகம் கூடினால் தண்ணீரைக் குறைக்காமல் டாக்டரிடம் போங்கள். இதற்கு நேர்மாறாக, ஆண் பூனை மணலில் போய்ப் போய் உட்கார்ந்தும் ஒரு சொட்டுக்கூடப் போகாமல் கத்தினால் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். அது சிறுநீர்ப் பாதை அடைப்பு, அன்றைக்கே போனால்தான் பிழைக்கும்.